காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்

அத்தியாயம் 4

அச்சகத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை இருந்தது, விரிக்கத்தான் தோன்றவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"இருபத்திரண்டு நாளா தினமும் வர்றேன்," என்றார் என் பாஸிடம். "பரீட்சைத் தாள் அச்சடிக்கிற இடம், உள்ள விட மாட்டாங்க, பேசவும் விட மாட்டாங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் மெஷின் ஓடற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். கேட்டா, சரி, மனுஷன் நல்லாருக்காருன்னு வீட்டுக்குப் போயிடுவேன். இன்னிக்குக் காலைலேர்ந்து சத்தமே இல்லம்மா."

"அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சிடும்," என்றார் பாஸ்.

மணி இரண்டேகால். பாஸ் இப்படி நேரம் குறித்துச் சொல்லும்போதெல்லாம் நான் செருப்பு வாரை இறுக்கிக்கொள்வேன். சொல்வது அவர், ஓடுவது நான்.

பாஸ் நாற்பது வயது வரை தையல்கடை வைத்திருந்த பெண்மணி. ஒரு வாடிக்கையாளர் தோளில் டேப்பைப் போட்டபோது, அந்தத் தோளுக்கும் அவர் கொண்டு வந்த சட்டைக்கும் சம்பந்தமில்லை என்று கண்டுபிடித்து ஒரு கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தார். அதோடு கடையை மூடிவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். டேப் மட்டும் இன்னும் கழுத்திலேயே தொங்குகிறது. நான் அவருடைய உதவியாளன். பாஸ் வாயைத் திறக்க மாட்டார், நான் மூட மாட்டேன். அதனால்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

அச்சகத்தின் சூப்பிரண்டுதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார், ஐந்து மணிக்குள் விஷயம் முடிய வேண்டுமாம். கதவுக்கு உள்ளே எங்களைச் சோதித்து, போனைப் பிடுங்கி, பையே இல்லாத நீல அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். உள்ளே வேலை செய்யும் எல்லோருக்கும் அதே அங்கிதான். பரீட்சை முடியும்வரை அவர்கள் யாரும் வெளியே போக முடியாது. கடிதம் கிடையாது, போன் கிடையாது. சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் உள்ளேயே.

"கைதிங்களுக்காவது மனு போட்டுப் பார்க்க ஆள் வரும் பாஸ்," என்றேன்.

"வாய மூடிட்டு வா."

சூப்பிரண்டு எங்களை உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பருத்த உடம்பு, எல்லோரையும் முறைத்துப் பார்த்தே பழகிய கண். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். தோள்பட்டை இறுகிப்போய் மூன்று மாதமாம், தண்ணீர் டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுத்தார்.

"விஷயம் ரொம்ப சிம்பிள்," என்றார். "இயற்பியல் தாளோட மாதிரிப் பிரதி ஒண்ணு குறையுது. நேத்து மதியம் எண்ணினப்ப இருந்துச்சு, இன்னிக்குக் காலைல இல்ல. கட்டடம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியாச்சு. அஞ்சு மணிக்கு நான் தேர்வு வாரியத்துக்குப் பேசணும். தாள் வெளிய போயிருந்தா பரீட்சை ரத்து. திருடன போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம்."

"திருடன் யாரு?"

சூப்பிரண்டு மூலையில் நின்ற மெஷின்காரரை இடது கையால் காட்டினார். குட்டையான மனிதர். நகக்கண்ணில் எல்லாம் மை. நின்ற நிலையைப் பார்த்தால், தீர்ப்பு வந்து தண்டனையும் பாதி அனுபவித்து முடித்தவர் போல் இருந்தார்.

"இவரோட பொண்ணு இந்த வருஷம் இதே பரீட்சை எழுதுது, இன்னிக்குத்தான் தெரியவந்துச்சு. அப்படி இருந்தா இங்க வேலைக்கே வரக்கூடாது. பாரத்துல 'இல்லை'ன்னு எழுதிக் கொடுத்து உள்ள வந்திருக்கார். இன்னிக்குக் காலைல, மை துடைக்கிற பஞ்சு வெச்சிருக்கிற இவர் பெட்டில இது கிடைச்சுது."

மேஜையில் ஒரு துண்டுத்தாளை வைத்தார். பென்சிலில், யாருடைய கையெழுத்து என்று தெரியாதபடி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள்:

'6.3 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்து கிடைத்திசையில் எறியப்படுகிறது. அது 9.6 மீட்டர் தொலைவில் விழ வேண்டுமெனில், (அ) எறியும் வேகம் என்ன? (ஆ) அதே வேகத்தில் 1.4 மீட்டர் உயரத்திலிருந்து எறிந்தால் எவ்வளவு தொலைவில் விழும்? காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.'

"பொண்ணுக்காகத் தாளப் பார்த்து ஒரு கேள்விய எழுதி வெச்சிருக்கார்," என்றார் சூப்பிரண்டு. "அப்புறம் ஒவ்வொண்ணா எதுக்குன்னு மொத்தத் தாளையும் சுருட்டிட்டார்."

"நான் எடுக்கலம்மா," என்றார் மெஷின்காரர். "பாரத்துல பொய் சொன்னது நெசம். வேலை வேணும்னு சொல்லிட்டேன். ஆனா இத நான் எழுதல. எனக்கு இதுல பாதி வார்த்த புரியவே இல்ல."

பாஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை தைக்கப் பார்ப்பது போல்தான் பார்ப்பார். யாராக இருந்தாலும் நெளிவார்கள், மெஷின்காரரும் நெளிந்தார்.

"காணாமப் போன தாள்ல இருக்கற கேள்விதானா இது?"

"அத நான் பார்க்கக் கூடாது. கேள்வியெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு வாத்தியார் உள்ள இருக்கார், அவரும் புரூஃப் பார்க்கிறவரும் மட்டுந்தான் படிக்கலாம்."

"கூப்பிடுங்க."

இரண்டு பேரும் வந்தார்கள். வாத்தியார் நெட்டையோ நெட்டை, கதவு நிலையில் குனிந்து நுழைந்தார். புரூஃப்காரர் நடுத்தர உயரம், மூக்குநுனியில் கண்ணாடி, காதில் சிவப்புப் பென்சில். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கட்டடத்தில் என்னை மனிதனாக மதித்த முதல் ஆள்.

வாத்தியார் துண்டைப் படித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என் தாள்ல இப்படி ஒரு கேள்வி இல்ல. இருக்கவும் இருக்காது."

சூப்பிரண்டின் வாய் திறந்தபடி நின்றது. நான் மூடிவிடலாமா என்று யோசித்தேன்.

"ஏன் இருக்காது?" என்றார் பாஸ்.

"எண்ணப் பாருங்கம்மா. ஆறு புள்ளி மூணு, ஒம்பது புள்ளி ஆறு! கேள்வி போடறவன் விடையிலேர்ந்து ஆரம்பிப்பான். ரெண்டு செகண்ட்ல விழணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்குத் தக்கபடி உயரத்த எழுதுவான். பையனுக்கு விடை வழுவழுன்னு வரும். இதுல எத வகுத்தாலும் இழுத்துக்கிட்டே போகுது. போட்டுப் பார்த்தேனே, ஒரே எரிச்சல்."

"எப்பப் போட்டுப் பார்த்தீங்க?"

வாத்தியார் சட்டென்று நிறுத்தினார். எல்லோரும் அவரையே பார்த்தோம். நெட்டை மனிதர் கொஞ்சம் குட்டையானார்.

"பத்து நாள் முன்னாடி. இதோ, இந்தப் போர்டுலதான்." உணவுக்கூடச் சுவரில் அன்றைய சாப்பாட்டை எழுதிவைக்கும் கரும்பலகையைக் காட்டினார். "காலைல வந்தா யாரோ இதே கேள்விய எழுதி வெச்சிருந்தாங்க. யாருன்னு தெரியல. யாராவது விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். போடாத கணக்கு ஒண்ணு கண்ணு முன்னாடி கிடந்தா எனக்குச் சோறு இறங்காது. போட்டுட்டேன்."

"இவர்தான் பாஸ்," என்று காதில் கிசுகிசுத்தேன். "குற்றவாளி வாத்தியார். கேஸ் முடிஞ்சுது."

"கணக்குத் தெரிஞ்சவர் எதுக்குடா ஊரறியப் போர்டுல போடறாரு? தனியா மனசுலயே போட்டுக்க மாட்டாரா?" என்றார் பாஸ். பிறகு வாத்தியாரிடம், "எனக்கும் புரியற மாதிரி போட்டுக் காட்டுங்க," என்றார்.

வாத்தியாருக்கு உயிர் வந்தது. சாக்பீஸை எடுத்தார்.

"எறிஞ்ச பொருள் ரெண்டு வேலை செய்யுது. முன்னால போகுது, கீழ விழுது. இந்த ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, ஒரே வீட்டுல கோவிச்சுக்கிட்ட மாமியார் மருமக மாதிரி. அதனால தனித்தனியாப் பார்க்கணும். ஆறு புள்ளி மூணு மீட்டர் விழ ஒண்ணு புள்ளி ஒண்ணு மூணு செகண்ட். அதுக்குள்ள ஒம்பது புள்ளி ஆறு மீட்டர் போகணும்னா, செகண்டுக்கு எட்டரை மீட்டர் வேகம். ஒரு ஆள் கையால வீசலாம். இப்ப அதே வேகத்துல ஒண்ணு புள்ளி நாலு மீட்டர் உயரத்துலேர்ந்து வீசினா, தரையத் தொட அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. நாலரை மீட்டர்ல விழும்."

"விடை வழுவழுன்னு இல்லேன்னா அது கேள்வி இல்ல," என்றார் பாஸ் மெதுவாக. "அளவு. யாரோ நிஜமாவே அளந்திருக்காங்க."

கழுத்து டேப்பை உருவி, ஒன்று புள்ளி நான்கு மீட்டரைத் தரையிலிருந்து நிறுத்திப் பிடித்தார்.

"அம்பத்தஞ்சு இன்ச். நான் ஆயிரம் பேருக்கு எடுத்த அளவு இது. தோள் உயரம்."

நான் துண்டுத்தாளை மறுபடி பார்த்தேன். யாரோ ஒரு திருடன் தன் தோளளவைக் கேள்வித்தாள் மொழியில் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் படிக்கப் போர்டில் போட்டு வைத்திருக்கிறான்.

"அப்ப இது ஒத்திகைக் கணக்கு," என்றார் பாஸ். "எங்கேயோ உயரத்துலேர்ந்து ஒரே ஒரு தடவ வீசணும். தப்பினா மாட்டிக்குவான். அதனால தரைல நின்னு நாலரை மீட்டர்ல விழற மாதிரி வீசிப் பழகிட்டா, கைக்கு அந்த வேகம் வந்துடும். ஜன்னல் உள்ள பெரிய அறை எது?"

"காகிதக் கிடங்கு," என்றார் புரூஃப்காரர், கவலையோடு. "மூணாவது மாடி. ஆனா மேடம், அங்க அதிகமா போறது..." மெஷின்காரரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மனசு என்று நினைத்தேன்.

கிடங்கில் காகிதக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கோடியில் ஒரு சிறு ஜன்னல். பாஸ் தரையில் மண்டி போட்டார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் வெறும் சிமெண்டுத் தரை. அதில் சின்னச் சின்னக் கறுப்புத் தடங்கள்.

"மை துடைக்கிற பஞ்சு," என்றார் வாத்தியார் ஆச்சரியத்தோடு. "உருட்டி வீசியிருக்கான்! விழுந்த இடத்துல எல்லாம் மை ஒட்டியிருக்கு. கல்லூரில நாங்க கார்பன் தாள் வெச்சு இதே சோதனைதான் செய்வோம்."

முதலில் அங்கும் இங்குமாகச் சிதறிய தடங்கள், பிறகு ஓரிடத்தில் மொய்த்திருந்தன. அவன் சுவரை ஒட்டி நின்றுதான் வீசியிருக்க வேண்டும் என்று நான் டேப்பின் ஒரு முனையைச் சுவரில் பிடித்தேன். மொய்த்த இடம்வரை மூன்று டேப் நீளம், நாலரை மீட்டர்.

ஜன்னலுக்கு வெளியே காவலாளிகள் உலாவும் சந்து. அதற்கு அப்பால் எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடி, ஜன்னலைவிடத் தாழ்வாக. மாடிப்படியில் மாட்டியிருந்த தீயணைப்பு வரைபடத்தில் எல்லா அளவும் இருந்தது. ஜன்னலில் நிற்பவன் தோளிலிருந்து மொட்டைமாடிக்கு ஆறு புள்ளி மூன்று மீட்டர் இறக்கம், மாடியின் விளிம்பு எட்டரை மீட்டர் தொலைவில். ஒன்பது புள்ளி ஆறு என்றால், விளிம்பைத் தாண்டி மாடியின் உள்ளே.

"போயிடுச்சு," என்று சூப்பிரண்டு சுவரில் சாய்ந்தார். "தாள் வெளிய போயிடுச்சு. பரீட்சை ரத்து."

மெஷின்காரர் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. பரீட்சை ரத்தானால் பழி மொத்தமும் அவர் தலையில்தான் விழும், அவர் மகள் இனி எந்தத் தேர்வுக் கூடத்திலும் உட்கார முடியாது. கிண்டலடிக்க எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

பாஸ் ஒவ்வொருவர் தோளிலும் டேப்பை வைத்தார். மெஷின்காரர் நாற்பத்தெட்டு. வாத்தியார் அறுபது, டேப்பே அதோடு தீர்ந்தது. சூப்பிரண்டு கையைத் தூக்கவே முடியாமல் முனகினார். புரூஃப்காரர் அம்பத்தஞ்சு.

"அம்பத்தஞ்சு தோள் நிறையப் பேருக்கு இருக்கும் மேடம்," என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"இருக்கும்," என்றார் பாஸும். "பக்கத்துல நிக்கறானே, இவனுக்கும் அம்பத்தஞ்சுதான்."

நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

பாஸ் மறுபடி துண்டுத்தாளை எடுத்தார். "வாத்தியாரே, இந்தக் கடைசி வரி என்ன? காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்?"

"அது வழக்கமா வர்றதுதாம்மா. பாடத்துல எல்லாக் கேள்வியும் அப்படித்தான் முடியும். காற்றச் சேர்த்தா கணக்கு தலைய சுத்தும், அதனால பரீட்சைல காற்று கிடையாது."

"நிஜத்துல?"

"நிஜத்துல..." வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். தரையிலிருந்த மைத் தடங்களைப் பார்த்தார். "பஞ்சு நாலு மீட்டர் போறதுக்குள்ள காற்று ஒண்ணும் பெருசா பண்ணாது. ஆனா காகிதப் பொட்டலம், ஒம்பது மீட்டர், எதிர்க் காற்று வேற. இழுத்துப் பிடிச்சிருக்கும். கண்டிப்பாக் குறைஞ்சு விழுந்திருக்கும்."

"எவ்வளவு?"

"ஒரு மீட்டருக்கு மேலயே."

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். "ஓடு," என்று அர்த்தம்.

எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி ஒரு பல் வைத்தியசாலை. வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியையும், கையில் கருவியோடு நின்ற டாக்டரையும் தாண்டி ஜன்னலுக்குப் போனேன். "தப்பா நினைச்சுக்காதீங்க, அரசாங்க வேலை," என்றேன். நோயாளி ஏதோ கேட்டார், வாயில் பஞ்சு இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தலைக்கு மேலே நீண்டிருந்த சன்ஷேடில் கையை விட்டுத் துழாவினேன். புறா எச்சம், காய்ந்த இலை, ஒரு செருப்பு. பிறகு, பழுப்புத் தாளில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம்.

கட்டு பிரிக்கப்படவே இல்லை.

திரும்பி வந்தபோது நாலரை. பாஸ் எல்லோரையும் உணவுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தார். பொட்டலத்தை என்னிடமிருந்து மேஜைக்கடியில் வாங்கிக்கொண்டார். கரும்பலகையில் அந்தக் கேள்வியைப் புதிதாக எழுதி வைத்திருந்தார், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு.

"வாரியத்துக்கு இதப் படிச்சுக் காட்டணும்," என்றார். "ஒவ்வொருத்தரா வந்து சரியா இருக்கான்னு பாருங்க. தப்பு இருந்தா திருத்துங்க."

மெஷின்காரர் பலகை முன் நின்று உதட்டைப் பிதுக்கினார். சூப்பிரண்டு மூன்று தரம் படித்துவிட்டு "சரிதான்" என்றார். வாத்தியார், "எண்ணுங்கதான் கேவலம், மத்தபடி போதும்," என்றார்.

புரூஃப்காரர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். படித்து முடித்துத் திரும்பியவர், இரண்டடி வைத்துவிட்டு நின்றார். என்னவோ உறுத்தியது போல் மறுபடி போய்ச் சாக்பீஸை எடுத்தார். கீழே அழகாக, நேராக எழுதினார்: 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.'

"விட்டுப்போச்சு மேடம். போர்டுல இருந்துதே, ஞாபகம் இருக்கு."

"எத்தன வருஷமா புரூஃப் பார்க்கறீங்க?"

"பத்தொன்பது."

"இந்த வரிய எத்தன தடவ படிச்சிருப்பீங்க?"

"கணக்கே இல்ல மேடம்."

"இவங்க மூணு பேருக்கும் அது இல்லாதது தெரியல. ஏன்னா அவங்களுக்கு அது தேவையில்ல. உங்களுக்கு மட்டும் அது இல்லேன்னா கேள்வி முடியாது. உங்களுக்கு இயற்பியல் தெரியாது, அதனாலதான் வாத்தியார் போட்டுத் தரட்டும்னு போர்டுல எழுதினீங்க. கேள்வியோட நடை மட்டும் மனப்பாடம். அதான் சொந்தக் காரியத்துக்கு எழுதினப்பவும் கை தானா அந்த வரியச் சேர்த்திருக்கு." பாஸ் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார்.

புரூஃப்காரர் அதைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் வாத்தியாரிடம்.

"போய்ச் சேரலையா? கணக்கு சரியாத்தானே வந்துச்சு?"

"கணக்கு சரி," என்றார் வாத்தியார் வருத்தத்தோடு. "காற்ற விட்டுடச் சொன்னது நீங்கதானே."

புரூஃப்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று எல்லோரும் சாயங்கால டீக்கு இறங்கியபோது வீசியிருக்கிறார். உள்ளே வருமுன்பே பேசி வைத்தபடி தினமும் சாயங்காலம் எதிர் மாடியில் காத்திருந்த மைத்துனன் தேடித் தேடிப் பார்த்து வெறுங்கையோடு போயிருக்கிறான். "பையன் மூணாவது தடவ எழுதறான்," என்றார். "ரெண்டு தடவையும் இயற்பியல்தான். இந்தத் தடவையும் போச்சுன்னா உசுர விட்டுடுவேன்னான். நான் என்ன பண்றது?"

"பையன் சங்கதி சரி. என் மேல ஏன்யா போட்ட?" மெஷின்காரர் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார். "எம்பொண்ணு பரீட்சை எழுதறது நேத்து வரைக்கும் இந்தக் கட்டடத்துல ஒன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கு எழுதத் தடுமாறும்னு அந்தப் பாரத்த நிரப்பிக் கொடுத்ததே நீதானே! 'இல்லைன்னு போட்டுடறேன், யாருக்கும் தெரியாது'ன்னு சொன்னியே!"

புரூஃப்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என் பக்கம் அவர் திருப்பிவிட்ட விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து போய் நிறுத்தினேன்.

சரியாக ஐந்து மணிக்கு சூப்பிரண்டு வாரியத்தோடு பேசினார். பிரிக்காத பொட்டலம், எண்ணிக்கை சரி, தாள் வெளியே போகவில்லை, பரீட்சை உண்டு. பாரத்துப் பொய்யைப் பிறகு விசாரிப்பார்களாம். பரீட்சை முடியும்வரை மெஷின்காரர் எப்படியும் உள்ளேதான், அவரிடமிருந்து மகளுக்கு ஓர் எழுத்தும் போகாது என்பதால் வேலையைத் தொடரலாம் என்று சொன்னார்களாம். சூப்பிரண்டு இதை அவரிடம் சொன்னபோது முறைக்கக்கூட மறந்துவிட்டார்.

வெளியே வந்தோம். அந்த அம்மாள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சும்மா? அவரு...?"

நான் வாயைத் திறந்தேன். பாஸ் என் முழங்கையை அழுத்தினார். உள்ளே நடந்ததை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடியிருப்பது எனக்கு வலித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் பாஸ்.

மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு முறை இருமியது போல் சத்தம் வந்து நின்றது. மறுபடி இருமியது. பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

அந்த அம்மாள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "அவருதான்," என்றார். "மொதல்ல ரெண்டு தடவ நின்னு நின்னுதான் எடுப்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை விரித்தார்.

"நான் வர்றேம்மா. வீட்டுல பொண்ணு தனியா உக்காந்து படிச்சிட்டிருக்கும்."